க்ரூஸர் பைக்கில் வேறு எக்ஸாஸ்ட் போடுவது: வீட்டிலேயே மாட்டலாமா, ட்யூன் அவசியமா?

கேள்வி இதுதான்: ஃப்யூல் இன்ஜெக்‌ஷன் உள்ள ஒரு வி-ட்வின் க்ரூஸர். கம்பெனி பைப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக வரும் குட்டையான பைப் செட் ஒன்றைப் போட வேண்டும், கிட் கையில் வந்துவிட்டது. வீட்டிலேயே மாட்டலாமா, ட்யூன் கட்டாயமா, மாட்டிய பிறகு த்ராட்டிலை விடும்போது பட்பட்டென்று வெடிப்பது சகஜம்தானா?

மாட்டலாம். ட்யூன், அதாவது புதுப் பைப்புக்கு ஏற்றபடி பெட்ரோல் அளவைத் திருத்துவது, வேண்டும். வெடிப்பு சகஜம் என்று சொல்பவர்களை அப்படியே நம்பிவிடாதீர்கள். இந்த வேலையில் பைப்பைத் தூக்கி மாட்டுவது சுலபமான பாதி. மீதிப் பாதி இரண்டே இடத்தில் இருக்கிறது: சிலிண்டர் ஹெட்டில் பைப் வந்து உட்காரும் அந்த ஜாயின்ட், அப்புறம் இன்ஜினுக்குப் போகும் பெட்ரோலின் அளவு. இந்த இரண்டும் சரியாக இருந்தால் சாதாரண பைப்கூட நன்றாக ஓடும், இரண்டில் ஒன்று தவறினால் எவ்வளவு நல்ல பைப் வாங்கினாலும் பைக் முன்பைவிட மோசமாகத்தான் ஓடும்.

முதலில் நீங்கள் வாங்கியது என்ன என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். சைலன்சரை மட்டும் மாற்றும் ஸ்லிப்-ஆன் வேறு, ஹெட்டிலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் மாற்றும் ஃபுல் சிஸ்டம் வேறு. ஸ்லிப்-ஆனில் பெண்ட் பைப், புகையில் ஆக்சிஜனைப் பார்க்கும் சென்சார், பெரும்பாலான பைக்குகளில் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் எல்லாம் பழையபடியே இருக்கும், அதனால் இன்ஜினுக்குப் பெரிய மாற்றம் தெரியாது. ஃபுல் சிஸ்டத்தில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் பெரும்பாலும் போய்விடும், புகை வெளியேறும் வேகமும் அழுத்தமும் மாறிவிடும், கம்பெனி போட்டுக் கொடுத்த பெட்ரோல் கணக்கு இனி அந்த இன்ஜினுக்குப் பொருந்தாது. சத்தம் கொஞ்சம் கனமாக இருந்தால் போதும் என்பதுதான் உங்கள் ஆசை என்றால், நான் ஸ்லிப்-ஆனைத்தான் சொல்லுவேன். கிட்டைத் திருப்பிக் கொடுக்க இன்னும் நேரம் இருந்தால் யோசியுங்கள்.

குட்டை பைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது ஒரு அழுத்த அலை பைப் வழியாக ஓடுகிறது, பைப்பின் திறந்த முனையை அடைந்ததும் அது எதிர்மறை அழுத்தமாகத் திரும்பி வருகிறது. அந்த அலை திரும்பி வரும் நேரத்தில் வால்வு இன்னும் மூடாமல் இருந்தால், சிலிண்டரில் மிச்சமிருக்கும் எரிந்த வாயுவை வெளியே இழுத்து, புதுக் கலவைக்கு இடம் பண்ணிக் கொடுக்கும். பைப் எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் கழித்து அலை திரும்பும். பைப் மிகக் குட்டையாக இருந்தால் குறைந்த ஆர்பிஎம்மில் அது சீக்கிரமே வந்துவிடுகிறது, அடுத்து வரும் நேர் அழுத்த அலை தப்பான நேரத்தில் வந்து எரிந்த வாயுவையே மறுபடி உள்ளே தள்ளுகிறது. க்ரூஸர் ஓட்டுகிற எவரும் பெரும்பாலும் 2000 முதல் 3500 ஆர்பிஎம்முக்குள்தான் ஓட்டுகிறோம். குட்டை பைப், அதிலும் உள்ளே சத்தத்தைக் குறைக்கும் தடுப்பான பேஃபிளைக் கழற்றிய குட்டை பைப், சரியாக அந்த இடத்தில்தான் இழுவையைச் சாப்பிடும். சத்தம் ஏறியிருப்பதால் பைக் வேகமாகப் போகிறது என்று தோன்றும், ஆனால் டாப் கியரில் மேடு ஏறும்போது உண்மை தெரிந்துவிடும்.

"இன்ஜினுக்கு பேக் பிரஷர் வேண்டும்" என்று பலர் சொல்வது இதைத்தான் தப்பாகப் புரிந்துகொண்டு சொல்வது. இன்ஜினுக்கு அடைப்பு வேண்டியதில்லை. புகை வேகம் குறையாமல் போக வேண்டும், அலை சரியான நேரத்தில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். அதனால்தான் இரண்டு சிலிண்டரின் பைப்பும் ஒரே சைலன்சரில் சேரும் டூ-இன்டூ-ஒன் வகை, நடு ஆர்பிஎம்மில் இழுவை வேண்டும் என்பவர்களுக்கு எப்போதும் நல்ல தேர்வு. தனித்தனிப் பைப்தான் பிடிக்கும் என்றால், இரண்டையும் நடுவில் ஒரு சிறு குறுக்குக் குழாயால் இணைத்திருக்கும் டிசைனைப் பாருங்கள், சத்தமும் முரட்டுத்தனம் குறைந்து வரும். உங்கள் கிட்டில் பேஃபிள் இருந்தால் அதைக் கழற்றாதீர்கள். கழற்றுவது ஒரே ஒரு ஸ்க்ரூ வேலை என்பதால் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும், ஆனால் அந்தக் கிட்டைச் செய்தவர்கள் பேஃபிளை வைத்துத்தான் பைப்பின் அளவைக் கணக்குப் போட்டிருப்பார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

கிட்டைத் திறந்ததும் பழைய பைப்பில் கை வைக்காதீர்கள். எல்லாப் பொருளையும் தரையில் பரப்பி, கூட வந்த குறிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பல கிட்டுகளில் பைப்பை ஹெட்டோடு சேர்த்துப் பிடிக்கும் தகடான ஃபிளேஞ்சும், அதைப் பைப்பில் பிடித்து வைக்கும் வளையமும் வராது, பழைய பைப்பிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள். ஜாயின்ட்டை அடைக்கும் கேஸ்கெட்டும் பல சமயம் வராது. கேஸ்கெட்டை மட்டும் பழையதைப் போடவே போடாதீர்கள். அது ஒரு தடவை நசுங்கி அந்த ஹெட்டுக்கும் அந்தப் பைப்புக்கும் ஏற்ற வடிவத்துக்கு வந்துவிட்டது, இன்னொரு பைப்புக்கு அது சீல் ஆகாது. வளையமும் புதிதாகக் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், பழையதை விரித்துக் கழற்றும்போது வளைந்துபோக வாய்ப்பு அதிகம்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள், பைக்கை சைட் ஸ்டாண்டில் சாய்க்காமல் நேராக நிறுத்துங்கள். பழைய பைப் எப்படி மாட்டியிருக்கிறது என்று எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்சார் ஒயர் எந்தப் பக்கமாகச் சுற்றிப் போகிறது, எந்த க்ளிப்பில் மாட்டியிருக்கிறது என்பது மாலையில் கட்டாயம் மறந்துபோகும்.

இப்போது இந்த வேலையிலேயே அதிகம் பயப்பட வேண்டிய இடம்: ஹெட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், நட் ஏறும் மரைக் கம்பியான எக்ஸாஸ்ட் ஸ்டட். அலுமினிய ஹெட், அதில் இரும்பு ஸ்டட், வருஷக்கணக்கில் சூடாகி ஆறிச் சூடாகி ஆறி, மழையும் சேறும் பட்டு நட் அதோடு ஒட்டிப்போயிருக்கும். முதல் நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெயை நட்டின் அடியில் படும்படி அடித்துவிடுங்கள், காலையில் இன்னொரு தடவை. நீளமான கைப்பிடி போட்டு ஒரேயடியாகப் பலம் கொடுக்கக் கூடாது. கொஞ்சம் தளர்த்தி, மறுபடி கொஞ்சம் உள்ளே திருப்பி, மறுபடி தளர்த்தி, முன்னும் பின்னுமாகக் கொண்டு வர வேண்டும். நட் ரப்பர் மாதிரி நெகிழ்ந்து கொடுப்பதுபோல் கையில் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள், ஸ்டட் முறுகுகிறது என்று அர்த்தம், அடுத்த கால் சுற்றில் ஒடியும். அந்த நேரத்தில் இன்னும் எண்ணெய், கொஞ்சம் சூடு, நிறையப் பொறுமை. எண்ணெய் அடித்த இடத்தில் தீ காட்டாதீர்கள், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருப்பதையும் மறக்க வேண்டாம், ஹீட் கன் போதும். ஒடிந்தே விட்டால் நீங்களாக டிரில்லை எடுத்துக் குடையத் தொடங்க வேண்டாம். வெளியே கொஞ்சமாவது நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வெல்ட் வைத்துத் திருப்பி எடுத்துவிடுவார்கள், அந்த வெல்டிங் சூடே துருவை விட்டுப் பிரித்துவிடும். அதைச் செய்யத் தெரிந்த கையிடம் கொடுங்கள், ஹெட்டில் ஓட்டை கோணலாகப் போனால் செலவு பைப்பைத் தாண்டிவிடும்.

நட்டெல்லாம் வந்த பிறகு ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றுங்கள். கனெக்டரை முதலில் பிரித்துவிட்டுத் திருப்புங்கள், ஒயரோடு திருப்பினால் ஒயர் முறுகி உள்ளே அறுந்துவிடும். சென்சார் மரை சில பைக்கில் 18 மில்லிமீட்டர், சிலவற்றில் 12 மில்லிமீட்டர். புதுப் பைப்பில் 18 இருந்து உங்கள் சென்சார் 12 என்றால் நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும், கிட்டில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். சென்சாரின் மரையில் மட்டும் மெல்லியதாக ஆன்டி-சீஸ் (மரை ஒட்டிப்போகாமல் தடுக்கும் பசை) தடவலாம், அதுவும் சென்சாருக்கு ஏற்றது என்று போட்டிருப்பதை. நுனியில் துளியும் படக் கூடாது. ஜாயின்ட் லீக் ஆகாமல் இருக்க சாதாரண சிலிக்கோன் பேஸ்ட்டைப் பூசும் பழக்கம் சிலருக்கு உண்டு, அந்த ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். பைப்புகள் சேரும் இடத்தில் பூச வேண்டியிருந்தால் சென்சாருக்குப் பாதிப்பில்லாத, அதிகச் சூடு தாங்கும் பேஸ்ட்தான்.

சில பைக்குகளில் எக்ஸாஸ்டுக்குள் ஒரு வால்வு இருக்கும், அதைத் திறந்து மூட கேபிளோடு ஒரு சின்ன மோட்டார் இருக்கும். புதுப் பைப்பில் அந்த வால்வு இல்லையென்றால் கேபிளைக் கழற்றிக் கட்டித் தொங்கவிடுவதோடு வேலை முடியாது, இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ அதைத் தேடி டேஷ்போர்டில் விளக்கை எரிய வைக்கும். வால்வு இருப்பதாக ஈசியூவை நம்ப வைக்க, அதற்கென்று விற்கும் எலிமினேட்டரைப் போட வேண்டும், அல்லது ட்யூன் செய்யும்போது அதை அணைத்துவிடச் சொல்ல வேண்டும்.

பழைய கேஸ்கெட்டை ஹெட்டிலிருந்து எடுக்கும்போது கூரான ஸ்க்ரூ டிரைவரால் குத்தாதீர்கள், அது உட்காரும் அலுமினிய முகத்தில் ஒரு கீறல் விழுந்தாலே லீக் ஆரம்பம். முகத்தைச் சுத்தம் செய்து, புதுக் கேஸ்கெட்டை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சரிந்த வடிவில் இருக்கும் கேஸ்கெட் என்றால் எந்தப் பக்கம் ஹெட்டைப் பார்க்க வேண்டும் என்று குறிப்பில் போட்டிருக்கும், அதை இரண்டு தடவை படியுங்கள். மாட்டும்போது விழுந்துகொண்டே இருந்தால் கேஸ்கெட்டைச் சுற்றிலும் ஓரிரு இடத்தில் மிக லேசாக கிரீஸ் தொட்டு ஒட்ட வைக்கலாம், எரிந்து போய்விடும். ஸ்டட் மரையில் ஆன்டி-சீஸ் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

அப்புறம் முறுக்கும் வரிசை. நான் பார்த்தவரை வீட்டில் மாட்டியவர்களுக்கு வரும் பிரச்சினைகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. பைப்பை முதலில் பின்னால் இருக்கும் பிராக்கெட்டில் இறுக்கிவிட்டு, அப்புறம் முன்னால் வந்து ஹெட்டில் நட்டை முறுக்கி இழுத்து உட்கார வைப்பார்கள். பைப் அந்த இழுப்பில் நிரந்தரமாக நின்றுவிடும். கேஸ்கெட் ஒரு பக்கம் மட்டும் நசுங்கும், சில மாதத்தில் பிராக்கெட்டோ வெல்டோ விரியும், சில சமயம் ஸ்டட்டே போகும். செய்ய வேண்டியது நேர் எதிர்: முதலில் எல்லாவற்றையும் கையால் திருப்பும் அளவுக்கு மட்டும் மாட்டுங்கள், ஹெட், க்ளாம்ப், பிராக்கெட் எல்லாமே லொடலொடவென்று இருக்கட்டும். பைப்பை ஆட்டி, இயல்பாக எங்கே உட்கார விரும்புகிறதோ அங்கே உட்கார விடுங்கள். இரண்டு பைப்பும் பார்வைக்கு வரிசையாக இருக்கிறதா பாருங்கள். பிறகு ஹெட்டில் இரண்டு நட்டையும் மாற்றி மாற்றி, கால் சுற்று இது, கால் சுற்று அது என்று, ஃபிளேஞ்ச் கோணாமல் நேராக உள்ளே போகும்படி முறுக்குங்கள். அடுத்து நடுவில் இருக்கும் க்ளாம்ப். கடைசியில்தான் பிராக்கெட். பிராக்கெட்டின் ஓட்டை போல்ட்டோடு சேரவில்லை என்றால் பைப்பை இழுத்துச் சேர்க்காதீர்கள், வாஷர் வைத்து இடைவெளியை நிரப்புங்கள்.

இறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். எக்ஸாஸ்ட் ஃபிளேஞ்ச் நட்டுக்கு வேண்டியது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு, பல பைக்குகளில் 10 முதல் 20 நியூட்டன் மீட்டருக்குள்தான் வரும். உங்கள் பைக்கின் சரியான எண் சர்வீஸ் மேனுவலில் இருக்கும், அதைப் பார்த்துப் போடுங்கள். லீக் ஆகிறதே என்று இன்னும் இறுக்குவது தீர்வு இல்லை, லீக் ஆனால் ஜாயின்ட் கோணலாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

ஸ்டார்ட் செய்யும் முன் சுற்றிலும் பாருங்கள். பின் பிரேக் பெடல் முழுக்கக் கீழே போகிறதா, பிரேக் ஹோஸ், சென்சார் ஒயர், ஸ்டார்ட்டர் கேபிள் எதுவும் பைப்புக்குப் பக்கத்தில் உரசுகிறதா, ஸ்விங்கார்ம் மேலும் கீழும் போக இடம் இருக்கிறதா, பின்னால் உட்காருபவரின் கால் எங்கே வரும், சைடு பேக் எவ்வளவு தூரத்தில் தொங்கும், ஆயில் ஃபில்டரை இனிமேலும் கழற்ற முடியுமா. குட்டை பைப்பில் புகை பின் சக்கரத்துக்கு முன்னாலேயே வெளியே வருவதால் பின்னால் இருப்பவரின் காலுக்கு அருகில் சூடு அதிகம். அவரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

பிறகு பைப் முழுவதையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த சுத்தத் துணியால் துடையுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். க்ரோமின் மேல் இருக்கும் கைரேகை, எண்ணெய் எல்லாம் முதல் சூட்டிலேயே கறையாகச் சுட்டு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தப் பாலிஷுக்கும் போகாது. துடைத்த பிறகு வெறும் கையால் தொட வேண்டாம்.

முதல் ஸ்டார்ட் வெளியில், காற்றோட்டமான இடத்தில். மூடிய கராஜில் ஓட விடுவது கார்பன் மோனாக்சைடால் உயிருக்கே ஆபத்து. முதல் சில நிமிஷம் பைப்பிலிருந்து புகை வரும், தயாரிப்பின்போது பட்ட எண்ணெயும் பேஃபிளில் சுற்றிய பஞ்சின் பசையும் எரிவது அது, பயப்பட வேண்டாம். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஹெட் பக்கம் டிக் டிக் என்று சத்தம் கேட்டு, சூடானதும் அடங்கினால் அந்த ஜாயின்ட்டில் லீக் இருக்கிறது, உலோகம் விரிந்து தற்காலிகமாக அடைத்துக்கொள்கிறது. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஜாயின்ட்டில் சோப்பு நீர் தடவி, பைப்பின் வெளி முனையிலிருந்து காற்றை மெதுவாக ஊதினால் குமிழ் வந்து காட்டிக் கொடுக்கும். கொஞ்ச நாள் ஓடிய பிறகு என்றால் இன்னும் சுலபம், லீக் ஆகும் இடத்தில் கறுப்பாகப் புகைக்கறை படிந்திருக்கும். முதல் சூட்டுக்குப் பிறகு, முழுக்க ஆறியதும், எல்லா நட்டையும் அதே டார்க்கில் மறுபடி பாருங்கள். இரண்டு மூன்று சவாரிக்குப் பிறகு இன்னொரு தடவை.

இப்போது அந்த வெடிப்புக்கு வருகிறேன். த்ராட்டிலை விட்டதும் சிலிண்டருக்குள் காற்று மிகக் குறைவு, கலவை சரியாக எரியாமல் கொஞ்சம் பெட்ரோல் பைப்புக்குள் வந்துவிடும். அங்கே வெளிக்காற்று கலந்தால் சூட்டில் தீப்பிடிக்கிறது, அதுதான் சத்தம். வெளிக்காற்று எப்படி வரும்? ஹெட் ஜாயின்ட் லீக் ஒன்று. புகையைச் சுத்தமாக்க கம்பெனியே எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் காற்றை விடும் அமைப்பு சில பைக்குகளில் இருக்கும், அது ஒன்று. மூன்றாவது காரணம் கலவையே லீனாக, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், இருப்பது. குட்டை பைப்பில் இறக்கத்தில் எப்போதாவது லேசாக ஒரு முணுமுணுப்பு இருந்தால் விட்டுவிடலாம். ஒவ்வொரு தடவை த்ராட்டிலை விடும்போதும் துப்பாக்கி மாதிரி வெடித்தால் முதலில் லீக்கைத் தேடுங்கள், அப்புறம் ட்யூனுக்குப் போங்கள். லீக்கோடு ட்யூன் செய்யப் போனால் அது இன்னும் கெடும், ஏனென்றால் உள்ளே வரும் வெளிக்காற்றைச் சென்சார் பார்த்து "கலவை லீன்" என்று தப்பாகச் சொல்லும், ஈசியூவும் அதை நம்பித் தேவையில்லாமல் பெட்ரோலைக் கொட்டும்.

ட்யூன் ஏன் வேண்டும் என்றால், கம்பெனி பைக்கில் இருக்கும் சாதாரண ஆக்சிஜன் சென்சார் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற ஒரே புள்ளியைச் சுற்றித்தான் தெளிவாகப் பார்க்கும். ஒரே வேகத்தில் ஓடும்போது ஈசியூ அதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும், அதனால்தான் ஸ்லிப்-ஆன் மட்டும் போட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார்கள். த்ராட்டிலை நன்றாகத் திறந்தால் ஈசியூ சென்சாரைக் கேட்பதை விட்டுவிட்டு, உள்ளே எழுதி வைத்திருக்கும் அட்டவணைப்படி பெட்ரோல் விடும். அந்த அட்டவணை பழைய பைப்புக்கு எழுதியது. புதுப் பைப்பில் காற்று அதிகம் போனால், பலம் வேண்டிய நேரத்தில்தான் கலவை லீனாகும், அந்த நேரத்தில் இன்ஜினுக்கு உண்மையில் 13-க்கு 1 சுமாருக்கு ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, வேண்டும். விளைவு: சூடு ஏறும், இழுக்கும்போது தயங்கும், பல நாள் அப்படியே ஓட்டினால் வால்வும் பிஸ்டனும் பாதிக்கப்படும். ஏர் ஃபில்டரையும் சேர்த்து மாற்றியிருந்தால் ட்யூனைத் தள்ளிப் போடவே கூடாது.

ட்யூனில் இரண்டு வழி. உங்கள் பைக், உங்கள் பைப் இரண்டுக்கும் ஏற்கெனவே தயாராக இருக்கும் மேப்பை (பெட்ரோல் அட்டவணையை) ட்யூனர் கருவி வழியாக ஏற்றுவது ஒன்று, பெரும்பாலானவர்களுக்கு அதுவே போதும். டைனோவில் (பைக்கை நிறுத்தி ஓட விட்டு அளக்கும் இயந்திரத்தில்) வைத்து ஒவ்வொரு ஆர்பிஎம்மிலும் அளந்து திருத்துவது இன்னொன்று, கேம் போன்ற உள் பாகங்களையும் மாற்றியிருந்தால் இதுதான் வழி. சென்சார் ஒயரின் நடுவில் ஒரு சின்னப் பெட்டியைச் செருகி எல்லாம் சரியாகிவிடும் என்று விற்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது சென்சாரை ஏமாற்றுவதோடு சரி, முழு த்ராட்டிலில் ஒன்றும் செய்யாது. கார்புரேட்டர் பைக் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால்: மெயின் ஜெட் ஓரிரு அளவு பெரியது, ஐட்லிங் பக்கம் பைலட் ஜெட்டும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவும், பிறகு ஸ்பார்க் ப்ளக் நிறத்தைப் பார்த்துத் திருத்தம். வெள்ளை வெளேரென்று இருந்தால் லீன்.

பைப் நீலமாகிறதே என்று கவலைப்படுவார்கள். ஒற்றைச் சுவர் க்ரோம் பைப் ஹெட் பக்கம் கொஞ்சம் நிறம் மாறத்தான் செய்யும். முதல் நாளிலேயே கரு நீலமாகி வேகமாகப் பரவினால் அது கலவை லீன் என்பதற்கான அறிகுறி. அதை மறைக்க மேலே சூடு தாங்கும் துணியைச் சுற்றாதீர்கள், ஈரத்தைப் பிடித்து வைத்துத் துணிக்கு அடியில் பைப்பை அரிக்கும், விரிசல் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

சத்தம் பற்றியும் யோசித்துவிட்டு மாட்டுங்கள். கேட்டலிடிக் கன்வர்ட்டரை எடுப்பதும், அங்கீகார முத்திரை இல்லாத சைலன்சரைப் போடுவதும் பல நாடுகளில் சட்டப்படி குற்றம், இன்ஷூரன்ஸ், வாரண்டி இரண்டையும் பாதிக்கலாம், உங்கள் ஊர் விதியை முதலில் பாருங்கள். சட்டத்தை விடுங்கள், உங்கள் காது? 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் பாதுகாப்பு என்று வைத்தால், ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும், 100 டெசிபலில் வெறும் 15 நிமிஷம். நெடுஞ்சாலையில் ஹெல்மெட்டுக்குள் காற்றின் சத்தமே அந்த 85 டெசிபலைத் தாண்டும். நீண்ட சவாரிக்கு இயர் ப்ளக் போடுங்கள், விடியற்காலையில் தெருவிலிருந்து கிளம்பும்போது ஐட்லிங்கில் ஐந்து நிமிஷம் சூடாக்காமல் உடனே மெதுவாக நகர்ந்து போய்விடுங்கள், பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.

பழைய பைப்பைத் தூக்கி எறிய வேண்டாம், நட், பிராக்கெட், ஹீட் ஷீல்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டி, பைப்போடு சேர்த்து எடுத்து வையுங்கள். எஃப்சி வரும்போதோ, பைக்கை விற்கும்போதோ, குட்டை பைப்போடு ஒரு நீண்ட பயணம் போய்ப் பார்த்துவிட்டு மனம் மாறும்போதோ தேவைப்படும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஒரு செட் கூடுதலாக வாங்கி அதே பையில் வைத்துவிடுங்கள்.